ரியாலிட்டி ஷோ போட்டியாளரிடம் எதையெல்லாம் சொல்லியாக வேண்டும்? கேள்விகளும் பதில்களும்

ரியாலிட்டி ஷோவுக்கு ஆள் எடுப்பவர்கள், தேர்வாகிக் கையெழுத்துப் போடப் போகிறவர்கள், அவர்களுடைய வீட்டார் என்று மூன்று தரப்பும் கேட்கும் கேள்விகள் இவை. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அதனால் எது எந்த நாட்டுச் சட்டம் என்று அந்தந்த இடத்திலேயே குறித்திருக்கிறோம்.

எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஷோவில் என்ன சுவாரசியம் மிஞ்சும்?

எல்லாவற்றையும் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மறைப்பதில் இரண்டு வகை உண்டு. நாளைக்கு என்ன டாஸ்க், யார் புதிதாக உள்ளே வரப்போகிறார், இந்த வாரம் இரண்டு எலிமினேஷனா என்பதெல்லாம் விளையாட்டின் ரகசியம். அதை மறைத்தால் போட்டியாளர் திகைத்துப் போவார், அவ்வளவுதான். அவருடைய உடம்பு, மனசு, மானம், வேலை, குடும்பம் ஆகியவற்றைத் தொடும் தகவல் அப்படியல்ல. அதை மறைத்தால் அவர் கொடுத்த சம்மதமே செல்லாமல் போகலாம்.

பிரித்துப் பார்க்க ஒரே ஒரு கேள்வி போதும்: இது முன்பே தெரிந்திருந்தால் இவர் கையெழுத்துப் போட்டிருப்பாரா? 'போட்டிருக்க மாட்டார்' என்றோ 'யோசித்திருப்பார்' என்றோ தோன்றினால் சொல்லியாக வேண்டும். 'டிவிஸ்ட் கெட்டுவிடும்' என்று கிரியேட்டிவ் டீம் தயங்கினால், டிவிஸ்டைச் சொல்லாமல் அதிலுள்ள ஆபத்தை மட்டும் சொல்ல வழி இருக்கிறது. 'உங்கள் முன்னாள் காதலரை 3-வது வாரம் உள்ளே அனுப்புவோம்' என்று சொல்ல வேண்டாம். 'உங்கள் கடந்த கால உறவுகளில் இருந்தவர்கள் நிகழ்ச்சிக்குள் வரக்கூடும், யாராவது வரவே கூடாது என்றால் இப்போதே பெயரை எழுதிக் கொடுங்கள்' என்று சொல்லலாம். வன்முறை நடந்த உறவு ஏதாவது இருந்தால் அந்தத் தாளிலேயே வந்துவிடும்.

இப்படிச் சொல்ல வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா, இல்லை வெறும் நல்லெண்ணமா?

இரண்டும் கலந்தது. பழைய சட்டங்கள் பெரும்பாலும் பார்வையாளரை ஏமாற்றாமல் இருக்க எழுதப்பட்டவை; போட்டியாளர் அவற்றில் ஓரமாகத்தான் வருகிறார். அமெரிக்காவில் 1950-களின் வினாடி வினா மோசடிகள் அம்பலமானபின், 1960-இல் தகவல் தொடர்புச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்ந்தது. பொதுமக்களை ஏமாற்றும் நோக்கத்தில், அறிவுப் போட்டியிலோ திறமைப் போட்டியிலோ ஒருவருக்கு ரகசியமாக உதவி செய்வது அங்கே குற்றம். ஓராண்டு வரை சிறையோ 10,000 டாலர் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். எலிமினேஷனில் தயாரிப்பாளரும் சேனலும் கலந்து பேசலாம் என்று சில அமெரிக்க ஷோக்களின் கடைசியில் பொடி எழுத்தில் ஓடும் வாசகத்துக்குப் பின்னணியாக இருப்பது பார்வையாளர் ஏமாற்றப்பட்டதாகச் சொல்லிவிடக் கூடாதே என்ற கவலைதான்.

போட்டியாளரையே மையமாக வைத்து எழுதிய விதி என்றால் பிரிட்டனைச் சொல்ல வேண்டும். ஒளிபரப்பை ஒழுங்குபடுத்தும் ஆஃப்காம் அமைப்பின் நெறிமுறையில் 7.3 என்ற விதி, 'தகவல் அறிந்த சம்மதம்' என்றால் என்ன என்று வகுக்கிறது. நிகழ்ச்சி எதைப் பற்றியது, எதற்காக எடுக்கிறார்கள், எப்போது எங்கே வரும், உங்களிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள், ஒப்பந்தப்படி இரு தரப்பின் உரிமை என்ன, ஒளிபரப்புக்கு முன் பார்க்க விடுவார்களா, பார்த்தால் மாற்றச் சொல்ல முடியுமா, இவ்வளவையும் சொல்ல வேண்டும். நடுவில் நிகழ்ச்சியின் தன்மை கணிசமாக மாறினால் மறுபடியும் சொல்ல வேண்டும். 2021 ஏப்ரல் 5 முதல் இன்னொன்றும் சேர்ந்தது: பங்கேற்பதால் உங்கள் நலனுக்கு வரக்கூடிய ஆபத்து என்ன, அதைக் குறைக்க என்ன செய்யப்போகிறோம் என்பது. கணிசமான பாதிப்புக்கு உள்ளாகக்கூடியவர்கள்மீது உரிய அக்கறை காட்ட வேண்டும் என்று 7.15 விதியும் அப்போதுதான் வந்தது.

இந்தியாவில் இதற்கெனத் தனி விதி இல்லாத இடத்தில் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம்தான் கை கொடுக்கும். அதன் 17-ஆம் பிரிவு சொல்வது முக்கியம்: வெறும் மௌனம் மோசடி ஆகாது; பேச வேண்டிய கடமை இருந்தும் மௌனமாக இருந்தாலோ, மௌனமே பேச்சுக்குச் சமமாக இருந்தாலோதான் மோசடி. 19-ஆம் பிரிவில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. மௌனத்தால் ஏமாற்றப்பட்டாலும், சாதாரண கவனத்தோடு விசாரித்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்றால் அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. ஆகவே போட்டியாளர் எழுத்தில் கேள்வி கேட்டு எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்வது சம்பிரதாயத்துக்காக அல்ல. பதிலில் பொய் இருந்தால் அது மௌனம் என்ற கணக்கில் வராது, நேரடிப் பொய்யாகிவிடும்.

கையெழுத்துக்கு முன்னால் போட்டியாளர் கையில் என்ன இருக்க வேண்டும்?

ஒப்பந்தம் மட்டும் போதாது. வக்கீல் எழுதிய நாற்பது பக்கத்தை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. அதோடு சேர்த்து, அவர் வீட்டில் பேசும் மொழியில் இரண்டு பக்க விவரத்தாள் ஒன்று தர வேண்டும். அதில் கட்டாயம் இருக்க வேண்டியவை:

- தினமும் எத்தனை மணி நேரம் கேமரா ஓடும், எங்கெல்லாம் ஓடாது. மைக் எப்போது கழற்றலாம்
- தூக்கம், சாப்பாடு, குடிநீர், மருந்து ஆகியவற்றில் ஏதாவது கட்டுப்பாடு உண்டா
- போன் எத்தனை நாள் இருக்காது. வீட்டில் அவசரம் என்றால் யார் மூலம் செய்தி வரும்
- உயரம், தண்ணீர், பூச்சி, இருட்டு, மது என்று டாஸ்க்குகளில் வரக்கூடிய ஆபத்து வகைகள்
- பணம் எவ்வளவு, எப்போது. பாதியில் வெளியேறினால் எவ்வளவு
- வெளியேற்றத்தை யார் முடிவு செய்கிறார்கள்: ஓட்டா, நடுவரா, தயாரிப்புக் குழுவா
- ஒளிபரப்புக்குப் பின் என்ன உதவி, எத்தனை மாதத்துக்கு

கொடுத்த நாளுக்கும் கையெழுத்து வாங்கும் நாளுக்கும் நடுவில் குறைந்தது ஒரு வாரம் இருக்கட்டும் என்பது எங்கள் பரிந்துரை. அடிக்கடி கோளாறு நடக்கும் இடமே இதுதான். வேலையை விட்டு, ஊரை விட்டு வந்து, ஓட்டல் அறையில் உட்கார்ந்து, போனையும் ஒப்படைத்தபிறகு ஒப்பந்தத்தை நீட்டுவார்கள். அந்த நேரத்தில் 'வேண்டாம்' என்று சொல்ல எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? நீதிமன்றத்தில் 'நிர்ப்பந்தம்', 'தகாத செல்வாக்கு' என்ற வாதங்களுக்குத் தயாரிப்பு நிறுவனமே இடம் கொடுப்பது போலத்தான் இது.

ஒப்பந்தத்தில் எந்த வரிகளை நின்று படிக்க வேண்டும்?

ஆங்கில ஒப்பந்தங்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வாக்கியத்தின் சாரம் இது: 'என்னைப் பற்றிய தகவல்கள் இழிவானதாகவோ, அவதூறானதாகவோ, சங்கடம் தருவதாகவோ, கற்பனையானதாகவோ இருக்கலாம் என்பதை ஏற்கிறேன், அவற்றை உலகெங்கும், நிரந்தரமாக, இன்றுள்ள மற்றும் இனி வரும் எல்லா ஊடகங்களிலும் பயன்படுத்தலாம்.'

துண்டு துண்டாகப் பிரித்துப் பாருங்கள். 'கற்பனையானதாகவோ' என்றால் நீங்கள் சொல்லாததைச் சொன்னதாகக் காட்டினாலும் கேட்க மாட்டீர்கள் என்று அர்த்தம். 'நிரந்தரமாக' என்றால் பத்து வருஷம் கழித்து உங்கள் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதும் அந்த கிளிப் ஓடலாம். 'இனி வரும் எல்லா ஊடகங்களிலும்' என்ற சொற்களை வைத்துக்கொண்டு, உங்கள் குரலையும் முகத்தையும் செயற்கை நுண்ணறிவில் நகலெடுக்கவும் உரிமை உண்டு என்று ஒரு வக்கீல் வாதாடுவார். இந்த மூன்றில் குறைந்தது கடைசியையாவது 'டிஜிட்டல் நகல் உருவாக்கக் கூடாது' என்று ஒரு வரி சேர்த்து மட்டுப்படுத்தச் சொல்லுங்கள். பெரிய ஷோக்களில் 'கற்பனையானதாகவோ' என்பதை எடுக்க மாட்டார்கள். ஆனால் 'மருத்துவக் காட்சி, உடை மாற்றும் காட்சி, பாலியல் காட்சி, என் குழந்தை வரும் காட்சி ஆகியவற்றுக்குத் தனி எழுத்துச் சம்மதம் வேண்டும்' என்று கேட்டால் பேச இடமிருக்கும். முழு ஒப்பந்தத்தையும் மாற்றச் சொல்வதைவிடக் குறிப்பாக நான்கு விதிவிலக்கு கேட்பது பலிக்கும்.

'எந்தப் பாதிப்புக்கும் நிறுவனம் பொறுப்பல்ல' என்று கையெழுத்துப் போட்டாயிற்று. அதோடு எல்லாம் முடிந்ததா?

முடியவில்லை. அலட்சியத்தால் வரும் மரணத்துக்கும் காயத்துக்குமான பொறுப்பை ஒப்பந்த வரியால் கழற்றிவிட முடியாது என்று பிரிட்டனின் 1977-ஆம் ஆண்டு நியாயமற்ற ஒப்பந்த விதிகள் சட்டம் சொல்கிறது. கலிஃபோர்னியாவின் சிவில் சட்டம் 1668-ஆம் பிரிவு, தன் மோசடிக்கும் வேண்டுமென்றே செய்த தீங்குக்கும் பொறுப்பிலிருந்து தப்ப எழுதும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. 'ஆபத்தை ஏற்கிறேன்' என்ற வரி எங்கு போனாலும் ஒரு கேள்வியைச் சந்திக்கும்: எந்த ஆபத்து என்று சொன்னீர்களா? சொல்லாத ஆபத்தை ஒருவர் ஏற்றுக்கொண்டார் என்று நிரூபிப்பது கடினம். போட்டியாளரிடம் முழுதாகச் சொல்வது தயாரிப்பாளருக்கே கவசம் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

மனநல மதிப்பீடு செய்கிறார்கள். அதில் சொன்னதெல்லாம் யாருக்குப் போகும்?

கேட்டே ஆக வேண்டிய கேள்வி. ஆடிஷனில் வரும் உளவியலாளருக்குச் சம்பளம் கொடுப்பது தயாரிப்பு நிறுவனம். அவர் உங்கள் சொந்த மருத்துவர் அல்ல. இதை அவர் முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்ல வேண்டும். சரியான முறையில், நிறுவனத்துக்குப் போவது 'தகுதி', 'நிபந்தனையோடு தகுதி', 'தகுதியில்லை' என்ற மூன்றில் ஒன்றும், தேவையான முன்னேற்பாடுகளும் மட்டுமே. சிறுவயதுக் கொடுமை, தற்கொலை முயற்சி, பயங்கள் பற்றிய குறிப்பு கிரியேட்டிவ் டீம் கைக்குப் போகக் கூடாது. போனால் என்ன நடக்கும் என்பது வெளிப்படை: நீங்கள் பயந்து சொன்னது டாஸ்க்காகத் திரும்பி வரும். 'கதைக் குழுவுக்கும் மனநலக் குழுவுக்கும் நடுவில் தகவல் தடுப்பு உண்டா, எழுத்தில் தருவீர்களா' என்று கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் உடல்நலத் தகவல் தனிப் பாதுகாப்புள்ள வகை. உங்களைப் பற்றி வைத்திருப்பதன் நகலைக் கேட்டால் பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும்.

போட்டியாளர் பக்கமும் ஒரு கடமை இருக்கிறது. தேர்வாக வேண்டுமே என்று இதய நோயையோ மருந்தையோ மறைத்தால் ஆபத்து உங்களுக்குத்தான், காப்பீடும் கைவிட்டுவிடும்.

வீட்டுக்குள் அடைத்து வைக்கும் ஷோ. வெளியே ஏதாவது நடந்தால் உள்ளே சொல்ல வேண்டுமா?

இதை நாங்கள் மற்ற எல்லாக் கேள்விகளையும்விட முக்கியமாகக் கருதுகிறோம். வெளியுலகத் தொடர்பை அறுப்பது போட்டியாளர் ஏற்ற விதி, உண்மைதான். ஆனால் அவர் ஏற்றது கிரிக்கெட் ஸ்கோர் தெரியாமல் இருப்பதை, அம்மா ஐ.சி.யூ.வில் இருப்பது தெரியாமல் இருப்பதை அல்ல.

2020 தொடக்கத்தில் இது உலகம் முழுக்கப் பரீட்சிக்கப்பட்டது. ஜெர்மன் 'பிக் பிரதர்' வீட்டுக்குள் போட்டியாளர்கள் பிப்ரவரியில் நுழைந்தார்கள். கொரோனா ஐரோப்பாவில் பரவி, மார்ச்சில் புதியவர்கள் உள்ளே வந்தபோதும் அதைப் பேசக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது. கடுமையான கண்டனத்துக்குப் பிறகு மார்ச் 17 அன்று நேரலையில் மருத்துவர் துணையோடு சொன்னார்கள். குடும்பத்தாரின் வீடியோ செய்திகளும் காட்டப்பட்டன. சொன்னது சரி, காலம்தான் தாழ்ந்தது. நேரலையில் சொன்னதையும் நாங்கள் ஏற்கவில்லை. அந்த அதிர்ச்சி போட்டியாளருடையது, நிகழ்ச்சியின் உள்ளடக்கம் அல்ல. அதற்கு முன் 2008-இல், இந்தியாவின் 'பிக் பாஸ்' வீட்டில் இருந்த பிரிட்டன் பிரபலம் ஜேட் கூடிக்கு, அவருக்குப் புற்றுநோய் என்ற பரிசோதனை முடிவு அங்கேயே தெரிவிக்கப்பட்டது. அவர் உடனே ஊர் திரும்பினார். இப்படி ஒரு செய்தி வரும் நாளை யாரும் முன்கூட்டி அறிய முடியாது. அதனால் நடைமுறையை முன்பே எழுதி வைக்க வேண்டும்.

எப்படி? உள்ளே போகுமுன் போட்டியாளர் ஒரு படிவம் நிரப்ப வேண்டும்: எந்தெந்தச் செய்தியைத் தாமதமின்றிச் சொல்ல வேண்டும் (மரணம், தீவிர நோய், விபத்து, பிரசவம், வழக்கு, வேலை இழப்பு), யார் சொல்ல வேண்டும், வீட்டில் யாரைக் கேட்டு உறுதி செய்ய வேண்டும். வீட்டாருக்கு 24 மணி நேரமும் எடுக்கும் எண் ஒன்று. எடுப்பவர் தயாரிப்பாளருக்குக் கீழ் இல்லாத நலப் பொறுப்பாளர். செய்தி உறுதியானதும் முதலில் அந்த அறையின் கேமராவையும் மைக்கையும் அணைக்க வேண்டும், பிறகுதான் பேச வேண்டும். உளவியலாளர் கூட இருக்க, வீட்டாரோடு போனில் பேச வைத்து, 'இப்போதே போகலாம், பணத்தில் பிடித்தம் இல்லை' என்ற வாய்ப்பையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். தங்குவதா போவதா என்று உடனே முடிவு கேட்கக் கூடாது. தங்குகிறேன் என்றால் மறுநாள் காலை மறுபடி கேட்க வேண்டும்.

தவறு எங்கே நடக்கிறது என்றால், 'இன்றைக்கு எபிசோடு முடியட்டும், ராத்திரி சொல்லலாம்' என்பதில். அந்த ஆறு மணி நேரத்தில் இறுதிச் சடங்குக்கான விமானம் போய்விடும்.

பொதுச் செய்திகளுக்கு அளவுகோல் வேறு. தேர்தல் முடிவைச் சொல்ல வேண்டியதில்லை. போட்டியாளரின் ஊரையோ, உறவுகளையோ, திரும்பிப் போகும் வழியையோ, உடல்நலத்தையோ தொடும் பேரிடர், தொற்றுநோய், போர் என்றால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சொல்ல வேண்டும். ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் வதந்தியாகி இன்னும் மோசமாகும்.

ஷோவின் கான்செப்டே ஒரு பொய் என்றால்?

2003-இல் பிரிட்டன் டிவிக்காக எடுத்த ஒரு டேட்டிங் ஷோவில், நடுநாயகமாக இருந்தவர் திருநங்கை என்பதை ஆண் போட்டியாளர்களிடம் மறைத்துக் கடைசியில் 'அதிர்ச்சி'யாக வெளியிட்டார்கள். போட்டியாளர்கள் வழக்குத் தொடுக்க, நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாகி, 2004-இல்தான் ஒளிபரப்பானது. அங்கே பலியானவர்கள் இரு பக்கமும் இருந்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஒரு பெண்ணின் அடையாளத்தையே பொறியாக வைத்தது அவருக்குச் செய்த அவமரியாதை. நெருக்கம், முத்தம், காதல் வரும் இடத்தில் கான்செப்ட்டைப் பொய்யாக்கிச் சம்மதம் வாங்கும் வடிவமே வேண்டாம் என்பது எங்கள் நிலை. பாட்டுப் போட்டி என்று அழைத்துவிட்டுக் கேலி நிகழ்ச்சி எடுப்பதும் இதே வகைதான்.

எடிட்டிங்கில் என்னை வில்லனாக்கினால்?

இரண்டு வெவ்வேறு நாளில் பேசியதை ஒட்டி ஒரே வாக்கியமாக்குவது, வேறொரு சமயத்தில் சிரித்த முகத்தை அழுபவர் பக்கத்தில் வெட்டி ஒட்டுவது இரண்டும் பழகிப்போன வேலைகள். உடையும் முடியும் ஷாட்டுக்கு ஷாட் மாறினாலோ, முகம் காட்டாமல் குரல் மட்டும் வந்தாலோ அங்கே ஒட்டு இருக்க வாய்ப்பு அதிகம். ஒப்பந்தப்படி வழக்கு கடினம். ஆனால் எபிசோடு வருவதற்கு 48 மணி நேரம் முன்பாவது 'இதில் உங்களைப் பற்றி இன்னது வருகிறது' என்று போனில் சொல்வதற்கு ஒப்பந்தம் தடையில்லை. வீட்டாரையும் வேலையிடத்தையும் தயார்படுத்த அந்த இரண்டு நாள் போதும்.

குழந்தைகள் பங்கேற்கும் ஷோவில்?

பெற்றோர் சம்மதம் மட்டும் போதாது, குழந்தைக்கும் புரியும்படி சொல்ல வேண்டும். இந்தியாவில் 2017-இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் விதிகள் துல்லியமாகவே இருக்கின்றன: ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஐந்து குழந்தைகளுக்கு ஒரு பொறுப்பாளர். வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். குழந்தையின் விருப்பத்துக்கு மாறாகப் பங்கேற்க வைக்கக் கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. நடுவர் திட்டி, குழந்தை அழும் காட்சியை ப்ரோமோவாகப் போடுபவர்கள் இந்தக் கடைசி வரியை ஒருமுறை படிக்க வேண்டும்.

பாதியில் வெளியேறினால் பெரிய தொகை கட்ட வேண்டுமாமே?

அப்படி எழுதுவார்கள். எழுதிய தொகை முழுவதும் கிடைத்துவிடாது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவின்படி, குறித்த தொகை உச்சவரம்புதான். நீதிமன்றம் தருவது நியாயமான இழப்பீடு மட்டுமே. ஆனாலும் அந்த வரியின் வேலை நீதிமன்றத்தில் இல்லை, ராத்திரி இரண்டு மணிக்கு 'என்னால் முடியவில்லை' என்று ஒருவர் சொல்லும்போது அவரைப் பயமுறுத்தி உட்கார வைப்பதில் இருக்கிறது. உடல்நலம், மனநலம், பாலியல் தொல்லை, குடும்ப அவசரம் ஆகிய நான்குக்கும் அபராதம் இல்லை என்று எழுதி வாங்குங்கள்.

போட்டியாளர் தொழிலாளியா?

'இல்லை' என்று ஒப்பந்தம் சொல்லும், 'ஆம்' என்று நீதிமன்றம் சொல்லலாம். பிரான்சின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009 ஜூன் 3 அன்று, ஒரு தீவில் எடுத்த காதல் ஷோவின் பங்கேற்பாளர்கள் வேலை ஒப்பந்தத்தின் கீழ்தான் இருந்தார்கள் என்று தீர்ப்பளித்தது. எங்கே இருப்பது, என்ன செய்வது, எப்போது எழுவது என்று எல்லாவற்றையும் தயாரிப்புக் குழு கட்டளையிட்டால் அது வேலையே. தொழிலாளி என்றானால் வேலை நேரம், ஓய்வு, விபத்துக் காப்பீடு எல்லாம் பின்னால் வரும்.

ஷோ முடிந்தபிறகு எத்தனை நாள் பொறுப்பு?

பிரிட்டனின் 'லவ் ஐலண்ட்' என்ற காதல் ஷோவுக்கு 2019-இல் அதை ஒளிபரப்பும் ஐடிவி நிறுவனம் அறிவித்தது: குறைந்தது 8 உளவியல் ஆலோசனை அமர்வுகள், 14 மாதம் நிறுவனமே தொடர்பு கொண்டு விசாரிப்பது. நல்ல அளவுகோல். 'தேவைப்பட்டால் கூப்பிடுங்கள்' என்பது உதவி ஆகாது. உடைந்துபோனவர் கூப்பிட மாட்டார். கடைசி எபிசோடு வந்த முதல் வாரமும், ட்ரோல் அடங்கி எல்லோரும் மறந்துபோகும் மூன்றாவது மாதமும் தனித்தனிக் காரணங்களுக்காகக் கடினமானவை. இரண்டிலும் அழைப்பு போக வேண்டும்.

ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். புகாரே தர முடியாதா?

கதை முடிவை, வெற்றியாளரை வெளியே சொல்லக் கூடாது என்பது செல்லும். குற்றத்தைப் போலீஸில் சொல்லக் கூடாது என்பது செல்லாது. அமெரிக்காவில் 2022 டிசம்பரில் வந்த சட்டப்படி, பிரச்சினை எழுமுன்பே எழுதி வாங்கிய ரகசியக் காப்பைப் பாலியல் தொல்லைப் புகாருக்கு எதிராக நீதிமன்றத்தில் பயன்படுத்த முடியாது. இந்தியாவின் 2013 பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம், பாதிக்கப்பட்ட பெண் அங்கே வேலையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் புகார் தர இடம் தருகிறது. கெடு 3 மாதம், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம். பிரிட்டனில் நியாயமற்ற சித்திரிப்பு பற்றி ஆஃப்காமுக்குப் புகார் அனுப்ப, ஒளிபரப்பான நாளிலிருந்து 20 வேலை நாள். விவரத்தாள், வாட்ஸ்அப் உரையாடல், எழுத்தில் வாங்கிய பதில்கள் ஆகியவற்றின் நகலை உள்ளே போகுமுன் வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். வெளியே வரும் நாளில் போன் கைக்கு வந்தாலும், ஷோவின் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து உங்களை நீக்கியிருக்கலாம்.